மருமவனே, இது எத்தனை பாயிண்ட்டு?

உக்காரு மருமவனே. வயரிங் பிளானை இந்தப் பக்கம் திருப்பு, கண்ணாடி போட்டுக்கிறேன். ம்... ஹால்ல பதினெட்டு பாயிண்ட்டு. சாப்பிடுற எடத்துல எட்டு. படுக்குற ரூமு ஒண்ணொண்ணுக்கும் பத்து. பாத்ரூமுல கண்ணாடிக்கு மேல ரெண்டு, பக்கத்துல ரெண்டு. மூஞ்சி ஒண்ணுதானேப்பா வச்சிருக்கே? மாடிப்படியில படிக்குப் படி ஒண்ணு. காம்பவுண்டுச் செவத்துல தூணுக்குத் தூணு ஒண்ணு. ரொம்ப நல்லா இருக்கு. கராச்சர்மாவுல வீடு கட்டப்போறேன்னு நீ சொன்னப்போ, மனுசன் குடியிருக்கத்தான்னு நெனச்சிட்டேன். ஹேடோ துறைமுகத்துல சென்னைக் கப்பல் வந்து கட்டுற அன்னைக்குக்கூட இம்புட்டு வெளக்கு எரியாதே.

இதை யாரு போட்டுக் குடுத்தது? எலக்ட்ரீசியனா? அவனுக்குக் கூலி எப்படிப் பேசியிருக்கே? பாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னா? ஆங், ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். பாயிண்ட்டுக்குக் கூலி வாங்குறவன்கிட்டயே எத்தனை பாயிண்ட்டு வேணும்னு யோசனை கேட்ட புத்திசாலி நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தான். என் தங்கச்சி நகையை அடகு வச்சு உன்னை மெயின்லேண்டுக்கு அனுப்பி இஞ்சினியருக்குப் படிக்க வச்சது வீண் போகலை.

கோவிச்சுக்காதே, டீயைக் குடி. உங்க அத்தை சர்க்கரை கூடப் போட்டிருக்கா. மருமவன் வந்தா அவளுக்குக் கை தாராளமாயிடும்.

ஒரு சின்னக் கேள்வி. நம்ம அந்தமானுக்குக் கரண்ட்டு எங்கேயிருந்து வருது? மெயின்லேண்டுக்காரனைக் கேட்டா நெய்வேலிம்பான், மேட்டூரும்பான், கூடங்குளம்பான். காஷ்மீருல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் அவங்களுக்கு ஒரே கம்பி வலை. ஒரு எடத்துல பத்தலைன்னா இன்னொரு எடத்துல இருந்து இழுத்துக்குவாங்க. அந்தக் கம்பி கடலைப் பார்த்ததும் நின்னுபோச்சு. 2020 ஆகஸ்ட்டுல சென்னையில இருந்து கடலுக்கடியில 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் போட்டுக் கொண்டாந்தாங்களே, அது வேற. அதுல உன் போனுக்கு வீடியோ வரும், கரண்ட்டு வராது. நமக்குப் பேச்சு கம்பியில வருது, வெளிச்சம் கப்பல்ல வருது.

கப்பல்ல வர்றது டீசலு. சாத்தாமுல, ஃபீனிக்ஸ் பேயில, பேம்பூ ஃபிளாட்டுல, ரங்கத்துல, ஹட்பேயிலன்னு தீவுக்குத் தீவு தனித்தனி பவர் ஹவுஸ். ஹட்பேயில எஞ்சின் மக்கர் பண்ணினா போர்ட்பிளேர்காரன் ஒரு யூனிட்டு கடன் குடுக்க முடியாது. (2024ல இருந்து ஸ்ரீ விஜயபுரம்னு சொல்லணுமாம். என் நாக்கு பழசு, நீ சொல்லிக்க.) ஒரு லிட்டர் டீசலை எரிச்சா மூணரை யூனிட்டு, எஞ்சின் நல்ல நெலமையில இருந்தா நாலு யூனிட்டு. அதுலயும் வர்ற வழியில கம்பி கொஞ்சம் தின்னுடும். கப்பல் செலவு, எஞ்சின் செலவு, ஆள் சம்பளம்னு கூட்டினா ஒரு யூனிட்டு தயார் பண்ண 20 ரூபாய்க்கு மேல ஆகுது. அந்தப் பழைய செவப்பு 20 ரூபா நோட்டு எங்கேயாவது கெடந்தா பின்பக்கம் திருப்பிப் பாரு. தென்னையும் கடலுமா ஒரு படம் இருக்கும். அது நம்ம நார்த் பே தான், மவுண்ட் ஹாரியட் மேல நின்னு பார்த்த காட்சி. கலங்கரை வெளக்கு இருக்கிற ஊரு. அந்த நோட்டை நீட்டினா அந்த ஊருக்கு ஒரு யூனிட்டு கரண்ட்டு தயார் பண்ண முடியாது பாத்துக்க.

"எனக்கு அவ்வளவெல்லாம் பில்லு வர்றதில்லையே மாமா"ன்னு சிரிக்கிறே. வராது. மிச்சத்தைச் சர்க்கார் கட்டுது. சர்க்காருன்னா யாரு? பரமக்குடியில உங்க பெரியாத்தா துணி தொவைக்க சோப்பு வாங்குறாளே, அதுக்கு வரி கட்டுறாளே, அவதான். உன் காம்பவுண்டுத் தூணுல விடிய விடிய எரியப்போற வெளக்குக்கு அந்தக் கெழவியும் பங்கு குடுக்குறா. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ ஒரு சேலை எடுத்துக் குடுத்துட்டு வா.

சோலார் இருக்கேங்குறியா? இருக்கு, இல்லைங்கலை. உன் மனைக்குப் பக்கத்துலயே என்.டி.பி.சி.க்காரன் 5 மெகாவாட்டுக்குப் பலகை விரிச்சு வச்சிருக்கான். அப்புறம் நம்ம நெய்வேலிக்காரங்க, என்.எல்.சி., டாலிகஞ்ச் பக்கம், அட்டம்பஹாட் பக்கம்னு 20 மெகாவாட்டு போட்டு, கூடவே 8,000 யூனிட்டு பிடிக்கிற பேட்டரியும் வச்சிருக்காங்க. ஊருல மண்ணுக்குள்ள கரி தோண்டின கையி, இங்க வந்து வெயிலைப் பிடிக்குது. டிக்லிப்பூர்ல கல்பாங் ஆத்தை மறிச்சு 2001ல இருந்து 5.25 மெகாவாட்டு தண்ணிக் கரண்ட்டு வேற. எல்லாம் சரி. வெளக்கு எப்போ போடுவே? சூரியன் எறங்கின பெறகு. அப்போ சோலார் பலகை தூங்கிக்கிட்டு இருக்கும். அந்தப் பேட்டரி, மேகம் குறுக்கே வந்தா கரண்ட்டு குதிக்காம தாங்கிப் பிடிக்கும். விடிய விடிய ஊருக்கு வெளக்கேத்த அது பத்தாது. மத்தியானம் நீ மிக்ஸி ஓட்டினா அதுல கொஞ்சம் வெயிலு இருக்கும். ராத்திரி நீ வெளக்கு போட்டா பெரும்பாலும் டீசல்தான். மீட்டர்ல ரெண்டும் ஒரே யூனிட்டாத்தான் தெரியும். டேங்குல அளவு குச்சியை விட்டுப் பார்த்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

நான் பார்த்திருக்கேன்ல. பவர் ஹவுஸ்ல எஞ்சின் தொடைச்ச கையி இது. பகல்ல எஞ்சின் ஒரு சீரா ஓடிக்கிட்டு இருக்கும். சாயங்காலம் ஊருல ஒவ்வொரு வீடா சுவிட்சு தட்டத் தட்ட, அதோட சத்தம் கனக்க ஆரம்பிக்கும். டீசல் பம்பு கம்பி தானா நகர்ந்து கூட எண்ணெய் விடும். கரும்புகை ஒரு தடவை குப்புன்னு கெளம்பும். "லோடு ஏறுது, அடுத்த செட்டை எடு"ன்னு ஆபரேட்டர் கத்துவாரு. இதெல்லாம் எத்தனை மணிக்குங்குறே? அஞ்சுக்கு. மெயின்லேண்டுல அஞ்சு மணிக்கு ஆடு மேச்சுக்கிட்டு இருப்பான்.

அங்கதான் மருமவனே நம்ம தீவோட வெனையே இருக்கு. நம்ம கடிகாரம் நம்மளுது இல்ல. இந்தியாவுக்கே மணி சொல்றது அலகாபாத் பக்கம் போற எண்பத்திரெண்டரை டிகிரிக் கோடு. நாம இருக்கிறது தொண்ணூத்திரெண்டைத் தாண்டி. சூரியன் நம்மளைப் பார்த்துட்டு நாப்பது நிமிசம் கழிச்சுத்தான் அந்தக் கோட்டுக்குப் போறான். சென்னைக்குப் போய்ச்சேர அம்பது நிமிசம். கார்த்திகை மாசம் நம்ம ஊருல கடிகாரத்துல அஞ்சு அடிக்குமுன்னயே சூரியன் கடலுக்குள்ள போயிடுவான். ஆனி மாசம் காலையில அஞ்சுக்கெல்லாம் வந்து வாசல்ல நிப்பான். வெள்ளைக்காரன் இருந்தப்போ போர்ட்பிளேருக்குன்னு தனி மணி வச்சிருந்தான். இப்போ அவனும் இல்ல, அந்த மணியும் இல்ல. அஸ்ஸாமுல தேயிலைத் தோட்டக்காரங்க இன்னைக்கும் விவரமா இருக்காங்க. ஊரு மணிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வச்ச தோட்ட மணின்னு தனியா ஒண்ணு ஓட்டுறாங்க. வெளிச்சத்துல வேலை, இருட்டுனா தூக்கம்.

நீ என்ன பண்றே? காலையில அஞ்சுக்கு வர்ற வெயிலுக்கு ரெண்டு மடிப்புத் திரை போட்டு மறைச்சிட்டு ஏழரை வரைக்கும் தூங்குறே. எழுந்திரிச்சதும் திரையை விலக்கச் சோம்பல், அதனால டியூப் லைட்டைப் போடுறே. சாயங்காலம் அஞ்சுக்கு ஆரம்பிச்சு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் எரிக்கிறே. காசில்லாம வந்த வெளிச்சத்தை வெளியில நிறுத்திட்டு, கப்பல்ல வந்த வெளிச்சத்தை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருக்கே. 1784ல பாரீசுல பெஞ்சமின் ஃபிராங்க்ளின்னு ஒரு பெருசு இதையே எழுதிவச்சிட்டுப் போயிருக்காராம், உன் தம்பி போன்ல படிச்சுக் காட்டுனான். ஒரு நா காலையில தெரியாத்தனமா ஆறு மணிக்கு முழிச்சிட்டாராம். பார்த்தா ரூமு பூரா வெளிச்சமாம். சூரியன் இவ்வளவு சீக்கிரம் வருதுங்குற செய்தி ஊருல யாருக்கும் தெரியலையேன்னு பத்திரிகைக்கே கடுதாசி போட்டாரு. வெயிலை மறைக்கிற சன்னல் கதவுக்கு வரி போடணும், விடிஞ்சதும் தெருத் தெருவா பீரங்கி வெடிக்கணும்னு யோசனை வேற சொல்லியிருக்காரு. உனக்குப் பீரங்கி வேண்டாம், உன் ஆத்தா குரல் போதும். படிக்கிற மேசையைக் கெழக்குச் சன்னல் பக்கம் போடு. பிள்ளைங்க வீட்டுப்பாடத்தை ராத்திரி பத்து மணியில இருந்து காலை அஞ்சரைக்கு மாத்து. பிள்ளைங்க என்னைத் திட்டும், திட்டட்டும்.

"எல்லாமே எல்.இ.டி. தான் மாமா, கரண்ட்டே இழுக்காது"ங்குறே. இந்த வார்த்தையைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்.

எல்.இ.டி.யைக் குறை சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. பழைய குண்டு பல்பு 60 வாட்டு தின்னு முக்கால்வாசிக்கு மேல சூடாத்தான் கக்கும். கோழிக்குஞ்சுக்கு அது நல்லது. நம்ம ஊருப் புழுக்கத்துல மனுசனுக்கு எதுக்கு? அதே வெளிச்சத்தை 9 வாட்டுல தருது இது. கணக்குப் போடு. தெனம் அஞ்சு மணி நேரம், முப்பது நாள்: குண்டு பல்புக்கு 9 யூனிட்டு, இதுக்கு ஒண்ணே கால் ஒண்ணரை யூனிட்டு. ஒரு பல்பை மாத்தினா மாசத்துக்கு ரெண்டு லிட்டர் டீசல் மிச்சம். 2014ல சர்க்கார் மொத்தமா வாங்குறப்போ ஒரு பல்பு 310 ரூபாய். மூணு வருசத்துக்குள்ள 38 ரூபாய்க்கு வந்திடுச்சு. உஜாலாங்குற பேருல தேசம் பூரா 36 கோடிக்கு மேல குடுத்தாங்க. ஒடைஞ்ச பல்பு ஒண்ணு இருந்தா மேல்மூடியைக் கழட்டிப் பாரு. உள்ள தகட்டுல மஞ்சளா பொட்டுப் பொட்டா ஒட்டியிருக்கும். அந்த மஞ்சளுக்கு அடியில இருந்து வர்றது நீல வெளிச்சம். ரெண்டும் கலந்துதான் உன் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீலத்தைக் கண்டுபிடிக்க முடியாமத்தான் ரொம்ப வருசம் திணறிக்கிட்டு இருந்தாங்க. கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2014ல நோபல் பரிசு. மூணு பேரும் ஜப்பான்ல பொறந்தவங்க. 42ல ஜப்பான்காரன் இந்தத் தீவுக்கு வந்து செஞ்ச அநியாயத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதே நாட்டுப் பிள்ளைங்க இதைக் குடுத்தாங்கன்னு கேட்டப்போ, சரி, ஒரு பாக்கியில கொஞ்சம் கழிஞ்சுதுன்னு வச்சுக்கிட்டேன்.

பல்பு திருந்திருச்சு. நீ?

உங்கப்பன் வீட்டு ஹாலு ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு டியூப் லைட்டு. பட்டியோட, காப்பர் சோக்கோட சேர்த்து அம்பது, அம்பத்தஞ்சு வாட்டு இழுக்கும். போட்டதும் ரெண்டு கண் சிமிட்டிட்டுத்தான் எரியும். அந்த ஒரு வெளிச்சத்துல நாங்க சீட்டாடினோம், நீ படிச்சே, உங்காத்தா பூ கட்டினா. இப்போ உன் ஹாலுக்கு வா. பதினெட்டு பாயிண்ட்டு, ஒண்ணொண்ணும் 12 வாட்டு எல்.இ.டி. பெருக்கு. 216 வாட்டு. உங்கப்பன் எரிச்சதைவிட நாலு மடங்கு! அஞ்சு மணி நேரம் எரிஞ்சா மாசத்துக்கு முப்பத்திரெண்டு யூனிட்டு. எட்டு, ஒம்பது லிட்டர் டீசல், ஹாலுக்கு மட்டும். இதுக்குப் பேரு சிக்கனமாம், பல்பு டப்பாவுல நட்சத்திரம் வேற ஒட்டியிருக்காம். 1865லயே இங்கிலாந்துல ஜெவன்ஸ்னு ஒருத்தர், எஞ்சின் கரியைக் கம்மியாத் தின்னா நாட்டுல கரிச் செலவு குறையாது, கூடும்னு எழுதினாராம். சல்லிசா ஓடுதுன்னு ஆளாளுக்கு எஞ்சின் வாங்குவான்ல! அவரு உன்னைப் பார்க்காமலே உன்னைப் பத்தி எழுதியிருக்காரு.

சாமி ரூமுக்கு என்ன போட்டிருக்கே? ஜீரோ வாட்டா? உங்காத்தா கேட்டாளா? ராத்திரியும் எரியணும்னாளா? மருமவனே, கிட்ட வா, இதை அவ காதுல விழாம சொல்றேன். அந்தப் பழைய ஜீரோ வாட்டு பல்பு இருக்கே, அதுக்குள்ள ஜீரோவே கெடையாது. 12ல இருந்து 15 வாட்டு இழுக்கும். முன்னே வட்டத் தகடு சுத்துற மீட்டரு இருந்துச்சுல்ல, அது இவ்வளவு சின்ன லோடுக்கெல்லாம் அசையாது. மீட்டரு அசையலை, அதனால ஜீரோன்னு பேரு வச்சு வித்துட்டான். இப்போ இருக்கிற எலெக்ட்ரானிக் மீட்டரு ஒண்ணையும் விடாது. ஹால்ல 9 வாட்டு பல்பு போட்டுப் புத்தகம் படிக்கிறவனைவிட, ஜீரோ வாட்டு போட்டுக் கண்ணை மூடித் தூங்குறவன் கூடச் செலவு பண்றான்! அரை வாட்டு எல்.இ.டி. ராத்திரி பல்பு ஆபர்தீன் பஜார்ல கெடைக்கும். நெறம் மட்டும் செவப்பா வாங்கிக் குடுத்திடு, ஆத்தாவுக்கு வித்தியாசமே தெரியாது.

வெளிச்சம் எங்கே வேணுமோ அங்கே போடுறதுக்கு ஒரு ஆளைக் காட்டுறேன். கட்சால் தீவுல நம்ம சனங்க இருக்காங்கள்ல, இலங்கையில இருந்து வந்தவங்க. 64ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பின்னாடி திரும்பி வந்தவங்கள்ல கொஞ்சம் பேரை அங்க ரப்பர் தோட்டத்துல குடியேத்தினாங்க. ரப்பர் பால் வெட்டுறவன் விடியுமுன்னயே காட்டுக்குள்ள போகணும், வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் குறைஞ்சிடும். அவன் காட்டுக்கே வெளக்கு போடுறானா? நெத்தியில ஒரு லைட்டு. கத்தி பட்டையில எந்த எடத்துல இழையணுமோ அந்த நாலு விரக்கட எடத்துக்குத்தான் வெளிச்சம். மரம் மாறினா வெளிச்சமும் மாறும். நீ சோபாவுல சாஞ்சு போனைப் பார்க்கிறதுக்குப் பதினெட்டு வெளக்கு. அந்தப் போனுக்குச் சொந்த வெளிச்சம் வேற இருக்கு.

காம்பவுண்டு வெளக்கு திருடனுக்காம். சரி. திருடனுக்கு நீ வழி காட்டுறியா, வழி மறைக்கிறியான்னு யோசி. ஆளு நடந்தா எரியிற சென்சார் லைட்டு ஒண்ணு கேட்டுல, ஒண்ணு பின்வாசல்ல. விடிய விடிய எரியிறதை எவன் பார்ப்பான்? திடீர்னு எரிஞ்சாத்தான் நீயும் திரும்பிப் பார்ப்பே, அவனும் ஓடுவான். உன் சிநேகிதன் கடற்கரையில ரிசார்ட்டு போடுறானே, அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லு. டிக்லிப்பூர் காளிப்பூர்ல மணலைக் கீறிக்கிட்டு வர்ற ஆமைக் குஞ்சுக்கு, எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் கடல். உன் ஆளு தோட்டத்துல ஃபோக்கஸ் லைட்டு போட்டா, அது கடலை விட்டுட்டு அவன் ரிசப்ஷனுக்கு வந்து ரூமு கேக்கும். ஸ்வராஜ் தீவுல அமாவாசை ராத்திரி அலையில பொரிப்பொரியா மின்னுறதைப் பார்க்கக் காசு குடுத்து வர்றான் டூரிஸ்ட்டு. அவனுக்கு இருட்டுதான் சரக்கு. சரக்கை நாமளே கெடுத்தா எப்படி?

எல்லாத்தையும் அணைச்சிட்டு இருட்டுல உக்காருன்னு சொல்றேன்னு நெனைக்காதே. அப்படிச் சொல்ற கெழவனுங்களும் இருக்காங்க, அவங்க கஞ்சனுங்க. சமையக்கட்டுல கத்தி ஓடுற எடத்துக்கு நேர் மேல நல்ல வெளிச்சம் வேணும். உன் பிளான்ல பாரு, அங்க ஒண்ணே ஒண்ணு, அதுவும் நடு ரூமுல. என் மருமவ தன் நெழல்லயே காய் நறுக்கணுமா? எலக்ட்ரீசியன் எந்த ஊருல சமைச்சான்! அதே மாதிரி பாத்ரூமுக்குப் போற வழி. ராத்திரி என்னை மாதிரி ஆளு வழுக்கி இடுப்பு ஒடைஞ்சா ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோக் காசுலயே உன் ரெண்டு மாச மிச்சமும் போயிடும். பின்வாசல்லயும் வேணும். மழைக்காலத்துல நம்ம ஊருக் கான்கஜூராப் பூரான் செருப்புக்குள்ள குடியிருக்கும். அதுக்கிட்ட போய் யூனிட்டுக் கணக்குச் சொல்ல முடியாது.

ஹாலுக்கு வர்றேன். செவத்துக்கு என்ன கலரு? காப்பிக் கொட்டைக் கலரா? வெளங்கிடும். கருப்புச் செவரு வர்ற வெளிச்சத்தையெல்லாம் குடிச்சிட்டு இன்னும் குடுங்கும். மேல்கூரைக்கு வெள்ளை அடி, செவத்துக்கு வெளிர் மஞ்சள் அடி, பாதி பாயிண்ட்டு தானா குறையும். ஆனா நம்ம ஊரு மழைக்கு வெள்ளைச் செவத்துல பாசி ஏறும், அதனால பூஞ்சை பிடிக்காத பெயின்ட்டா கேளு. வைகாசியில மொத மழை பேஞ்சதும் ஈசல் வந்து லைட்டு மூடிக்குள்ள விழுந்து செத்துக் கெடக்கும். அதை அடுத்த வைகாசி வரைக்கும் அப்படியே விட்டுட்டு, வெளிச்சம் பத்தலைன்னு இன்னொரு லைட்டு வாங்குறவன் நம்ம தெருவுலயே இருக்கான். பேரு சொல்ல மாட்டேன், உன் பெரியப்பன் மகன். ஈரத்துணி ஒரு ரூபா செலவில்லாம அந்த வேலையைச் செய்யும். சுவிட்சை அணைச்சிட்டுத் தொடைக்கச் சொல்லு.

இன்வெர்ட்டர் வாங்கப்போறியா? வாங்கு. கரண்ட்டு போனா வேணும்தான். ஆனா அது கரண்ட்டு தயார் பண்ற பொட்டின்னு உன் சம்சாரம் நெனச்சுக்கிட்டு இருக்கா, அதை மட்டும் தெளிவுபடுத்திடு. பத்து யூனிட்டு வாங்கி வச்சு எட்டைக்கூட முழுசாத் திருப்பித் தராது. பூரா வீட்டையும் அதுல கோக்காதே. ஹாலுக்கு ஒண்ணு, சமையக்கட்டுக்கு ஒண்ணு, ரெண்டு ஃபேனு. அவ்வளவுதான்.

இந்தப் பென்சிலைக் குடு. ஹால்ல செவத்தோரம் ஒரு 20 வாட்டு எல்.இ.டி. டியூபு. நாற்காலிக்குப் பக்கத்துல படிக்கிறதுக்கு ஒரு சின்ன லைட்டு. உன் சம்சாரம் ஆசைப்பட்டு படத்துல பார்த்து வச்சிருக்கிற கூரை லைட்டுல ஆறு வச்சுக்க. பொங்கலுக்கு, பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போயிட்டு வர்ற விருந்தாளிக்குப் போட்டுக் காட்டு. அவ முகம் வாடினா அப்புறம் நான் உன் வீட்டுல டீ குடிக்க முடியாது. ஆனா கூரை லைட்டு எல்லாத்துக்கும் ஒரே சுவிட்சுன்னு எலக்ட்ரீசியன் போட்டிருக்கான் பாரு, அதை விடாதே. ஒண்ணு வேணும்னாலும் ஆறும் எரியும். ரெண்டு ரெண்டா பிரி. மாடிப்படிக்குப் படிக்குப் படி வேண்டாம். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, டூ வே சுவிட்சு. கீழ போட்டு மேல அணைக்கலாம். மேல போய்ட்டு அணைக்கக் கீழ வரச் சோம்பல்பட்டுத்தான் பாதி ஊருல மாடிப்படி லைட்டு விடியிற வரைக்கும் எரியுது. சுவிட்சை வாசல்ல, கை நீட்டினா படுற ஒயரத்துல வை. அலமாரிக்குப் பின்னாடி வச்சா எவனும் அணைக்க மாட்டான். அப்புறம் டி.வி. பக்கத்துல செட்டாப் பாக்ஸுக்குத் தனி சுவிட்சு. ரிமோட்டுல அணைச்சா அது தூங்குற மாதிரி நடிக்கும், சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கும்.

எண்ணு இப்போ. பாதிக்குக் கீழ வந்திடுச்சா? செவத்துல காடி வெட்ட இன்னும் ஆரம்பிக்கலைல? நல்லது. நாளைக்கு எலக்ட்ரீசியன் வர்றப்போ எனக்கு ஒரு போன் போடு, நான் பாட்டுக்கு ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவங்கப்பனும் நானும் ஒரே பவர் ஹவுஸ்ல ஒரே எஞ்சினைத் தொடைச்சவங்க, என்னைப் பார்த்ததும் அவனே இன்னும் நாலு பாயிண்ட்டைக் குறைச்சிடுவான். கூலியை மட்டும் பாயிண்ட்டுக் கணக்குல இருந்து நாள் கணக்குக்கு மாத்திப் பேசிடு. இல்லைன்னா குறைச்ச நாலையும் நான் சாப்பிடப் போற நேரத்துல மொட்டை மாடியில கொண்டுபோய் வச்சிடுவான்.